ப்ளான் டீச்சரின் ஓட்டை வாரம்

மூன்று வயதுக் குழந்தை எத்தனை மணிக்கு அழும் என்பதை முன்கூட்டியே எழுதி, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்பிவைத்த ஒரே மனுஷி இந்த உலகத்தில் ப்ளான் டீச்சர்தான். இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள், நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தக் குப்பத்தில் அவர் ‘பிளானு டீச்சரு’. எங்கள் ஆபீசில் ‘அந்த ப்ளான்’.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஓர் ஊராட்சி ஒன்றிய ஆபீசில் இளநிலை உதவியாளர். வயது இருபத்தாறு. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். மற்றபடி, நான் பெரிய நகைச்சுவையாளன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்த காலம் அது. ஒன்றியத்திலிருந்த பால்வாடிகளின் காகிதமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பால்வாடியும் அடுத்த வாரம் குழந்தைகளுக்கு என்ன கற்றுத்தரப் போகிறது என்று திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். எல்லா டீச்சர்களும் ஒரே மாதிரி எழுதினார்கள்: ‘பாட்டு, கதை, விளையாட்டு, உப்புமா.’ ஒரு டீச்சர் ஒரு வருஷத்துத் திட்டத்தை ஒரே நாளில் எழுதி வைத்துக்கொண்டு, வாரா வாரம் தேதியை மட்டும் மாற்றினார். பிப்ரவரி முப்பதாம் தேதி அவர் பால்வாடியில் காக்கா கதை சொல்லப்பட்டதாக எங்கள் ஃபைலில் பதிவாகியிருக்கிறது.

ப்ளான் டீச்சரின் திட்டம் பதினோரு பக்கம் வந்தது.

‘திங்கள்: ஈரம். செவ்வாய்: ஈரம் (தொடர்ச்சி). புதன்: ஈரம் காய்தல். வியாழன்: ஏன் காய்ந்தது என்று வியத்தல். வெள்ளி: மறுபடியும் நனைத்தல்.’

தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“என்னய்யா இது? பால்வாடியா, கருவாடு காயப்போடுற களமா?”

“கீழ பாருங்க சார்,” என்றேன்.

கீழே தினசரி நிகழ்ச்சி இருந்தது. ‘9.30 முதல் 9.45 வரை: அழுகை (விருப்பமுள்ளவர்கள் மட்டும்). 9.45 முதல் 9.50 வரை: மூக்குத் துடைத்தல் (அனைவரும்).’

தலைமை எழுத்தர் பதினோரு பக்கத்தையும் மடித்து என் கையில் திணித்தார். “நீ ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியா இருக்கான்னும் பாத்துக்கோ.”

போனேன். ஓலைக் கொட்டகை, மண் தரை, இருபத்தெட்டு குழந்தைகள். எல்லாரும் இரண்டரை வயதிலிருந்து ஐந்துக்குள். நடுவில் ஒல்லியாக, உயரமாக, நாற்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையில் பெரிய நோட்டு. இடது மணிக்கட்டில் ஆம்பிளை வாட்ச். அவருடைய அப்பா செங்கல்பட்டில் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டையரானவராம். நேரத்தோடு அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு சம்பந்தம்.

நான் உள்ளே கால் வைத்தபோது மணி ஒன்பதரை. சொல்லி வைத்தது போல ஆறேழு குழந்தைகள் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தன. டீச்சர் அவர்கள் நடுவில் அமைதியாக உட்கார்ந்து, ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு பையன் மட்டும் எழுந்து வந்து, “டீச்சரு, எனுக்கு இன்னிக்கு அயுவ வரல,” என்றான்.

“பரவால்ல ராஜா. போய் விளையாடு. அப்புறமா வந்துச்சுன்னா சொல்லு.”

“இது என்ன டீச்சர், அழறதுக்கு ஒரு நேரமா?” என்று கேட்டேன்.

“அம்மாவ விட்டுட்டு வந்த குழந்தை அழத்தான் செய்யும். அழாதேன்னு அதட்டினா நாள் பூரா உள்ளுக்குள்ள அழும். இப்படி நேரம் குடுத்துட்டா கால்மணியில முடிஞ்சிடும். நீங்க யாரு?”

ஆபீஸ் என்றேன். “அப்ப உக்காருங்க,” என்று ஒரு பலகையைக் காட்டினார். கால் அடி உயரம். என் முழங்கால் காதை இடித்தது.

என் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை வந்து நின்றது. மூன்றரை வயதிருக்கும். எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய குடுமி, பெரிய கண். என் சட்டைப் பையிலிருந்த பேனாவையே பார்த்தது. நான் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டேன்.

“பாப்பா, உன் பேர் என்ன?”

குழந்தை சட்டென்று பின்வாங்கி, கொட்டகைக் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவ்வளவுதான். டீச்சர் வந்தார் பாருங்கள், அந்த வேகத்தில் ஒரு மாடு வந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

“யார் சார் உங்களைக் கேள்வி கேக்கச் சொன்னது? என் ஒரு மாச வேலைய ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டீங்களே!”

“பேருதானே டீச்சர் கேட்டேன்!”

“அதத்தான் கேக்கக் கூடாது! எழுதியே வச்சிருக்கேன், பாருங்க!”

நோட்டைத் திறந்து காட்டினார். குழந்தைக்கு ஒரு பக்கம். இந்தக் குழந்தையின் பக்கத்தில் மேலே ‘கன்னியம்மா’ என்று எழுதி, கீழே சிவப்பு மையில் இருந்தது: ‘இவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பேர் கேட்கக் கூடாது. இது என்ன, அது என்ன என்று கேட்கக் கூடாது. நாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.’

கன்னியம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். பார்க்கிறவர்களெல்லாம் ‘பேர் சொல்லு, பேர் சொல்லு’ என்று உலுக்கி உலுக்கி, குழந்தை இருந்த கொஞ்சம் சத்தத்தையும் நிறுத்திவிட்டதாம். இதையெல்லாம் டீச்சர் சொன்னபோது நான் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருபத்தெட்டு பொடிசுகளுக்கு முன்னால் திட்டு வாங்கிய இளநிலை உதவியாளருக்குக் காது வேலை செய்யாது. அந்தப் பொடிசுகளில் நாலைந்து என்னைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி ஒரு ரிப்போர்ட் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ரசித்து எதையும் எழுதியதில்லை. ‘மேற்படி நிலையத்தில் அகர எழுத்துகள் ஏதும் கற்பிக்கப்படவில்லை. கரும்பலகை இல்லை. ஆயினும் கன்னீர் வடிக்க அரசு நேரத்தில் கால் மணி ஒதுக்கப்பட்டுள்ளது. நிலையத்தின் தேவை குறித்து மேலிடம் பரிசீலிக்கலாம்.’

தலைமை எழுத்தர் அதை எழுந்து நின்று வாசித்தார். ஆபீசே சிரித்தது. பியூன் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். அந்தச் சந்தோஷத்திலேயே ரிப்போர்ட்டை மேலே அனுப்பிவிட்டார்கள்.

மேலே யாரும் சிரிக்கவில்லை போலிருக்கிறது. ஆறு மாசம் கழித்து, நானே அதை மறந்துபோன பிறகு, ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி அடுத்த வியாழக்கிழமை அந்த நிலையத்தை நேரில் பார்வையிடுவார்; திருப்தி இல்லையென்றால் நிலையம் மூடப்படும். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

குப்பத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு பெண் மீன் கூடையோடு என்னை வழிமறித்தாள். கன்னியம்மாவின் அம்மா அஞ்சலை. கடிதம் என் பையில் இருக்கும்போதே சேதி குப்பத்துக்கு வந்துவிட்டிருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், அரசாங்க ரகசியமெல்லாம் அப்போதே அப்படித்தான்.

“இன்னா சார், பால்வாடிய மூடப் போறாங்களாமே? மெய்யாவா?”

“பாக்க வர்றாங்கம்மா. அவ்வளவுதான்.”

“யாரோ ஒரு நாதாரி கண்டபடி எயுதிப் போட்டுட்டானாமே. நல்லா இருப்பானா அவன்?”

சட்டைப் பையிலிருந்த பேனாவை இன்னும் உள்ளே தள்ளினேன்.

“நான் காத்தால கூடைய எடுத்துக்கினு திருக்கழுக்குன்றம் வரிக்கும் போறேன் சார். அவுங்கப்பா கட்டுமரத்துல கடலுக்குப் போயிடுவாரு. போன வருசம் வரிக்கும் இத்த இன்னா பண்ணேன் தெரியுமா? வூட்டு நடுக்கால்ல கயிறு போட்டுக் கட்டிட்டுப் போவேன். தண்ணிகிண்ணி பக்கம் போயிடக் கூடாதுன்னு. வந்து பாத்தா கயித்த வாயில வெச்சிக்கினு தூங்கிகினு இருக்கும். பேச்சு இல்லாத புள்ள, கூப்டக்கூடத் தெரியாது. இங்க வந்துதான் சார் அது சிரிக்கவே ஆரம்பிச்சுது.”

அந்தக் கயிறு என் கழுத்திலேயே இருப்பது மாதிரி இருந்தது.

கொட்டகைக்குப் போனதும் டீச்சரிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன். “டீச்சர், ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை மட்டும் ஆனா ஆவன்னா சொல்லிக்குடுங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு பாட்டா பாட வைங்க. அவர் போனதும் நீங்க மறுபடி நனைங்க, காயுங்க, என்ன வேணா பண்ணுங்க.”

டீச்சர் நோட்டைப் புரட்டினார். “முடியாதே. அடுத்த வாரம் ஓட்டை வாரம்.”

“என்னது?”

“ஓட்டை. போன வாரம் ரெண்டு குழந்தைங்க நண்டு வளையையே ஒரு மணி நேரம் பாத்துட்டு இருந்தாங்க. அதனால அடுத்த வாரம் பூரா ஓட்டைதான். சல்லடை, பானை மூடி, கிழிஞ்ச வலை, புட்டுக்குழாய். வியாழக்கிழமை ஓட்டை கண்டுபிடிக்கிற நாள். யார் எங்க ஓட்டையப் பாத்தாலும் விரலை வச்சுக் காட்டணும்.”

“மாவட்ட அதிகாரி வர்ற அன்னிக்கா டீச்சர் ஓட்டை?”

“அதிகாரிக்காக குழந்தைங்க நண்டைப் பாக்கல சார்.”

அந்த நோட்டை நான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். இடது பக்கத்தில் திட்டம். வலது பக்கத்தில் உண்மையில் நடந்தது. இரண்டும் ஒத்துப்போன பக்கமே கிடையாது. இடது பக்கம், ‘களிமண் உருட்டுதல்.’ வலது பக்கம், ‘தவளை வந்தது. தவளையே பாடம்.’ இடது பக்கம், ‘பெரியது, சிறியது.’ வலது பக்கம், ‘மழை. ஒழுகிய இடமெல்லாம் பாத்திரம் வைத்தோம். பெரிய பாத்திரம் எது என்று அவர்களே சண்டை போட்டார்கள். திருப்தி.’ அந்த வலது பக்கத்தை வைத்துத்தான் மறுநாளைக்கு இடது பக்கம் எழுதுவாராம். இந்த வலது பக்கங்களை ஆபீசுக்கு அனுப்பவில்லையே என்று கேட்டேன்.

“நீங்க திட்டம்தானே கேட்டீங்க?” என்றார்.

எனக்குத் தூக்கம் போச்சு. செங்கல்பட்டு கடைத்தெருவில் உயிரெழுத்துப் படம் போட்ட பெரிய அட்டை ஒன்று வாங்கி, புதன்கிழமை நானே கொண்டுபோய்க் கொட்டகையில் மாட்டினேன். அதிகாரி கண்ணில் அதாவது படட்டும்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. அன்றைக்கு ஒரு கூடைகூட வியாபாரத்துக்குப் போகவில்லை. குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். இறங்கியவர் நல்ல உயரம், சிரித்துப் பழக்கமில்லாத முகம். வாசலிலேயே டீச்சர் அவரை நிறுத்தினார்.

“ஷூவைக் கழட்டிடுங்க சார். பசங்க தரையில உக்காந்து சாப்பிடுறாங்க.”

டிரைவரே பயந்து போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றினார். கறுப்பு சாக்ஸோடு உள்ளே வந்தார்.

முதல் பையனை நிறுத்தி, “எங்க, ஒண்ணு ரெண்டு சொல்லு,” என்றார்.

“எத்த?” என்றான் அவன்.

“எதை இல்ல. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணு.”

“அதான், எத்த எண்றது?” சுற்றும்முற்றும் தேடினான். எண்ண ஒரு பொருள் தராமல் எண்ணச் சொல்லும் ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அதிகாரி என் அட்டையைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். “இதுல ஆவன்னா எங்க இருக்கு?”

ஆவன்னா இருந்த இடத்தில் ஒரு வட்டமான ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஒரு கண் தெரிந்தது. “சார், உங்க ஜீப்பு தெரியுது!” என்றது அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதினது சரிதான். இங்க ஒண்ணுமே நடக்கல.”

‘இல்ல சார், நான் எழுதினது தப்பு’ என்று சொல்ல வேண்டும். அந்த நாலு வார்த்தைக்காக நான் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, “சார்...” என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கன்னியம்மா கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். நேராக அதிகாரியின் காலடிக்குப் போனாள். குந்தி உட்கார்ந்தாள். அவர் வலது கால் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. கன்னியம்மா தன் சுண்டுவிரலை எடுத்து அந்த விரல்மேல் வைத்தாள்.

“ஓட்ட,” என்றாள்.

டீச்சர் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. கன்னியம்மா தலையைத் தூக்கி அதிகாரியைப் பார்த்தாள். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்திருப்பாள் போல, கொஞ்சம் சத்தமாக, நிதானமாகச் சொன்னாள்:

“ஓட்ட. வெரலு எட்டிப் பாக்குது.”

“ஐயோ! பேசிட்டாடீ! எம்பொண்ணு பேசிட்டாடீ!”

அஞ்சலை வாசலிலிருந்து பாய்ந்து வந்தாள். குழந்தையை அள்ளுவாள் என்று பார்த்தால், அதிகாரியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இந்தக் காலு நல்லா இருக்கணும் சாமி! இந்த ஓட்ட நல்லா இருக்கணும்!”

“விடும்மா! அட, விடும்மா! கூசுதும்மா!” அதிகாரி ஒற்றைக்காலில் குதித்தார். பிறகு, அதை என் கண்ணால் பார்த்தேன், சிரித்தார். முதலில் கூச்சத்தில் சிரித்தார், அப்புறம் நிறுத்த முடியாமல் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இருபத்தெட்டு பொடிசுகளும் அவரைச் சூழ்ந்துவிட்டன. சட்டைப் பொத்தானில் நாலு ஓட்டை. பெல்ட்டில் ஐந்து. மூக்கில் இரண்டு. ஒண்ணு ரெண்டு தெரியாது என்று பேரெடுத்த பையன்தான் சத்தம் போட்டு எண்ணினான்.

அதிகாரி கால் அடிப் பலகையில் உட்கார்ந்து அந்த நோட்டை முக்கால் மணி நேரம் படித்தார். வலது பக்கங்களையும் படித்தார்.

“இந்தப் பொண்ணை ஏழு மாசமா யாருமே ஒரு கேள்விகூட கேக்கலையா?”

“ஒருத்தர் கேட்டார் சார்,” என்று டீச்சர் என்னைப் பார்த்தார்.

பார்வையாளர் புத்தகத்தில் அதிகாரி எழுதியது இது: ‘நிலையம் தொடர்ந்து நடைபெறலாம். குழந்தைகளை யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.’

ஜீப் கிளம்பியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டீச்சர் மட்டும் கோபமாக இருந்தார். “இவளுக்கு நான் தை மாசம்னு எழுதியிருந்தேன் சார். ரெண்டு மாசம் முன்னாடியே பேசிட்டா. இப்ப எல்லாத்தையும் மாத்தி எழுதணும்!” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று உப்புமா அடுப்புக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஒரே புகை,” என்றார். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பால்வாடியை அதற்கப்புறம் யாரும் மூட நினைக்கவில்லை. கன்னியம்மா மறு பொங்கலுக்குள் குப்பத்திலேயே பெரிய வாயாடி ஆனாள். “டீச்சரு, இவ வாய மூட ஒரு பிளானு எயுதிக் குடேன், பேஜாரா கீது,” என்று அஞ்சலையே வந்து நின்றாள். நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனேன். டீச்சர் கடைசிவரை அங்கேயே இருந்து ரிட்டையரானதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். “டீச்சர், அந்த ரிப்போர்ட்ட எழுதினது நான்தான்.”

“தெரியும். அதிகாரிதான் உங்ககிட்டயே சொன்னாரே. அதோட, பிரதி எனக்கும் வந்துச்சு. கண்ணீருக்கு யாராவது ரெண்டு சுழி ‘ன’ போடுவாங்களா சார்?” என்றார். நான் அடுத்த வார்த்தை யோசிப்பதற்குள் தூங்கிப் போனார். வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து, அத்தனை அலுப்பு. மடியிலிருந்து நழுவிய பையை எடுத்து நான் வைத்துக்கொண்டேன். என் தோள்துண்டை மடித்துக் கம்பிக்கும் அவர் தலைக்கும் நடுவில் வைத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் எங்கள் காதருகே வந்து நின்று விசிலை வாயில் வைத்தார். “கொஞ்சம் மெதுவா ஊதுங்க,” என்றேன்.

அவர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யாரு, உங்க அக்காவா?”

“ஆமா,” என்றேன்.